சோகப் பாட்டுக்கு ஆடுகிறவர்கள்: கேஜன் இசை ஏன் இன்னும் பழசாகவில்லை

அமெரிக்காவின் தென் லூசியானாவில், பிரெஞ்சு வம்சாவளியினரான கேஜன் மக்களின் ஆட்ட இசைதான் கேஜன் இசை. அதன் முதல் இசைத்தட்டு 1928 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் பதிவானது. ஜோ ஃபால்கன் அக்கார்டியன் வாசித்துக்கொண்டே பாட, க்லியோமா ப்ரோ கிட்டாரில் தாளம் போட்டார். தட்டின் ஒரு பக்கம், லஃபயெட்டுக்குப் போகலாம் வா என்று காதலியைக் கூப்பிடும் டூ-ஸ்டெப் என்ற துள்ளல் பாட்டு. திருப்பிப் போட்டால், என்னைக் குழிவரை கொண்டுபோன வால்ட்ஸ் என்று தலைப்பே வைத்த ஒரு ஒப்பாரி. ஆனால் இரண்டுமே ஆடுவதற்கான பாட்டுகள். அந்த ஊர்க்காரர்கள் இரண்டுக்கும் ஆடினார்கள், இன்றைக்கும் ஆடுகிறார்கள், இன்று அதே லஃபயெட்டில் எலக்ட்ரிக் கிட்டாரும் கணினி ஒலிகளும் சேர்த்து வாசிக்கும் இளைஞர்களின் கச்சேரியிலும் அழுகிற பாட்டுக்கு ஜோடி ஜோடியாகச் சுற்றுகிறார்கள்.

இந்த இசை இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம், மரபை அப்படியே பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள் என்பது. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. இந்த இசை ஒருபோதும் அப்படியே இருந்ததில்லை, பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை யாரிடமாவது எதையாவது கடன் வாங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறது. எது தங்கும், எது போகும் என்று முடிவு செய்தது பெரும்பாலும் ஆடுகிறவர்களின் கால்கள்தான்.

முதலில் இவர்கள் யார் என்று சுருக்கமாக. இன்றைய கனடாவின் கிழக்கோரத்தில், நோவா ஸ்கோஷியா பக்கம், அக்கேடியா என்ற பிரெஞ்சுக் குடியேற்றம் இருந்தது. அக்கேடியன் என்ற பெயர்தான் பின்னால் கேஜன் என்று மருவியது. 1755-இல் பிரிட்டிஷ்காரர்கள் அந்த மக்களைக் கப்பலில் ஏற்றித் துரத்தத் தொடங்கினார்கள்; குடும்பங்கள் பிரிந்து கண்ட கண்ட துறைமுகங்களில் இறக்கப்பட்டன. அவர்களில் ஒரு பகுதியினர் 1760-களின் நடுவிலிருந்து, அப்போது ஸ்பெயினின் கையில் இருந்த லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1785-இல் மட்டும் பிரான்ஸிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்தார்கள். தென் லூசியானாவின் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் குடியேறி, அங்கே ஏற்கெனவே இருந்தவர்களோடும் பின்னால் வந்தவர்களோடும் (பிரெஞ்சு பேசும் கறுப்பினத்தவர்களான கிரியோல்கள், ஜெர்மானியர்கள், ஸ்பானியர்கள், அயர்லாந்துக்காரர்கள், பூர்வகுடிகள்) கலந்தார்கள். இசையும் அந்தக் கலப்பில் வந்ததுதான். சுத்தமான கேஜன் இசை என்று யாராவது பேசினால், எந்த வருடத்துச் சுத்தம் என்று கேட்கலாம்.

ஆரம்பத்தில் பிடில் மட்டும்தான். சனிக்கிழமை இரவு யாராவது ஒரு வீட்டில் மேஜை நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, கைக்குழந்தைகளை உள்ளறையில் தூங்க வைத்துவிட்டு ஆடுவார்கள். ஒருவர் பிடிலில் மெட்டை வாசிக்க, இன்னொருவர் தன் பிடிலில் வில்லை அழுத்தி வெறும் தாளமும் சுருதியும் மட்டும் கொடுப்பார். இருபது முப்பது ஜோடி மரத்தரையில் கால் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவே இரண்டு பிடில் எவ்வளவு தூரம் கேட்கும்? அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் அக்கார்டியன் வந்து சேர்ந்ததும் சும்மா விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அதன் சத்தம் கூட்டத்தைத் தாண்டிக் கேட்டது. கூடவே 'தீ ஃபேர்' என்ற இரும்பு முக்கோணம். வைக்கோல் வாரும் இயந்திரத்தின் பழைய பற்களை வளைத்துச் செய்தது.

அக்கார்டியனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இசையின் குணத்தில் பாதி அந்தப் பெட்டியின் குறைபாட்டிலிருந்து வந்தது. நம் ஹார்மோனியத்துக்கு ஒருவகையில் உறவுதான், இரண்டிலும் காற்று உலோக நாக்குகளைத் தாண்டிப் போகும்போதுதான் ஒலி வருகிறது. ஆனால் ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் எப்போதும் ஒரே ஸ்வரம். கேஜன் அக்கார்டியனில் வலது கைக்குப் பத்தே பொத்தான்கள், அழுத்தும்போது ஒரு ஸ்வரம், இழுக்கும்போது வேறு ஸ்வரம். அதாவது துருத்தியின் திசையை மாற்றாமல் ஒரு மெட்டை வாசித்து முடிக்கவே முடியாது. அந்த இழு-தள்ளு தானாகவே ஒரு குலுக்கலைக் கொண்டுவந்துவிடுகிறது, தாளம் மெட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பெட்டி பெரும்பாலும் சி சுருதி (நம் கணக்கில் ஒரு கட்டை), அதில் இல்லாத ஸ்வரங்கள் இல்லாதவைதான். பழைய பிடில் மெட்டுகளில் பெட்டிக்குள் அடங்காதவை எளிமையாயின, சில காணாமலே போயின. பிடில்காரர்கள் அக்கார்டியனோடு ஒத்துப்போக, பழகிய விரலடியை மாற்றாமல் தந்திகளை ஒரு முழு ஸ்வரம் இறக்கிக்கொண்டார்கள். பெட்டியில் இல்லாத இடைப்பட்ட ஸ்வரங்களைக் குரலும் பிடிலும் வழுக்கி வழுக்கித் தொட்டன. அந்த உரசல்தான் கேஜன் பாட்டைக் கேட்டதும் தொண்டையில் ஏதோ அடைப்பது போலத் தோன்றுவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

குரலும் அப்படித்தான். மைக் இல்லாத காலத்தில் அக்கார்டியனுக்கு மேலே கேட்க வேண்டுமானால் உச்ச ஸ்தாயியில் கத்தித்தான் பாட வேண்டும். மைக் வந்த பிறகும் அந்தக் கத்தலை யாரும் விடவில்லை. நயமான, பதமாகத் தேய்த்த குரலில் பாடினால் ஏனோ அது கேஜன் பாட்டாகவே இருப்பதில்லை.

சரி, சோகத்துக்கு வருவோம். பாட்டுகளில் என்ன இருக்கிறது? அவள் என்னை விட்டுவிட்டு வேறொருவனோடு போய்விட்டாள், நான் அநாதை, நான் சிறையில், அம்மா செத்துப்போனாள், டெக்ஸாஸ் பக்கம் போய்விட்ட என் கண்ணே திரும்பி வா. வரிகள் குறைவு. பல பாட்டுகளில் நாலைந்து வரிதான், அதிலும் பாதி வெறும் கூவல். ஒரு சரணம் பாடிவிட்டுப் பாடகர் ஒதுங்கிக்கொள்வார், அக்கார்டியன் ஒரு சுற்று, பிடில் ஒரு சுற்று, அப்புறம் இன்னொரு சரணம். கதை சொல்லி முடிக்க வேண்டும் என்ற அவசரமே கிடையாது. கேட்பவர் உட்கார்ந்து வரிகளை எடைபோடுவதில்லை, கையில் துணையைப் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கிறார். வால்ட்ஸ் என்றால் தளத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வழுக்கிச் சுற்றி வருவது, டூ-ஸ்டெப் என்றால் அதே சுற்று கொஞ்சம் துள்ளலோடு. எழுபது வயதுப் பாட்டியும் பத்து வயதுப் பேரனும் ஒரே தளத்தில் ஆட முடியும், அவ்வளவு எளிய அடிகள். இழப்பைப் பற்றிய ஒரு வரி காதில் விழும்போது உடம்பு அடுத்த அடியை எடுத்து வைத்தாக வேண்டும், தாளம் யாருக்காகவும் நிற்காது. இந்த இசையின் ஈர்ப்பு முதலில் இங்கேதான் இருக்கிறது, புதுக் குழுக்கள் எதை மாற்றினாலும் இதை மட்டும் மாற்றவில்லை.

மாற்றியவை ஏராளம். 1901-இல் ஜென்னிங்ஸ் ஊருக்குப் பக்கத்தில் எண்ணெய் கிடைத்தது. டெக்ஸாஸிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் ஆட்கள், சாலைகள், வானொலி எல்லாம் வரிசையாக வந்தன. 1930-களில் கன்ட்ரியும் ஜாஸும் கலந்த வெஸ்டர்ன் ஸ்விங் மோகம் பிடித்தது, அக்கார்டியன் பட்டிக்காட்டுச் சாமான் என்று ஓரங்கட்டப்பட்டது. ஹாக்பெரி ராம்ப்ளர்ஸ் என்ற குழு 1933-இல் தொடங்கியது; மின்சாரம் வராத ஊர்களில் டான்ஸ் ஹாலுக்கு வெளியே காரை ஓடவிட்டு, அதிலிருந்து மின்சாரம் எடுத்து ஒலிபெருக்கியை ஓட்டினார்கள். ஒலிபெருக்கி வந்ததும் பிடில்காரர் வில்லைப் போட்டு அழுத்த வேண்டிய தேவை போயிற்று, மென்மையாக வாசிக்கலாம். கிட்டார், பாஸ், டிரம்ஸ், ஸ்டீல் கிட்டார் எல்லாம் உள்ளே வந்தன. 1946-இல் ஹேரி ஷோட்ஸ் தன் பிடிலோடு பதிவு செய்த 'ஜோல் ப்ளோன்' லூசியானாவைத் தாண்டி ஹிட் ஆனது. அந்த மெட்டை 1929-லேயே க்லியோமாவின் சகோதரர் அமேதே ப்ரோ அக்கார்டியனில் பதிவு செய்திருந்தார். மெட்டு அதே மெட்டு, ஆனால் அக்கார்டியன் இல்லை.

அக்கார்டியனைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஐரி லெஜூன். பார்வை மிகவும் குறைந்த இளைஞர். 1948-இல் அவர் பதிவு செய்த 'லவ் பிரிட்ஜ் வால்ட்ஸ்' போருக்குப் போய்விட்டு வந்த தலைமுறைக்கு ஊர் வாசனையைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருடம் நேத்தன் ஆப்ஷயரின் 'பைன் குரோவ் ப்ளூஸ்'. மறுபடி எல்லோருக்கும் அக்கார்டியன் வேண்டியிருந்தது, ஆனால் போரினால் ஜெர்மனியிலிருந்து வரத்து நின்றுபோயிருந்தது, எனவே லேக் சார்ல்ஸில் சிட்னி பிரவுன் போன்றவர்கள் உள்ளூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். ஐரி 1955-இல், ஆட்டக் கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் சாலையோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது கார் மோதிச் செத்துப்போனார். வயது 26. இன்றும் லூசியானாவில் அக்கார்டியன் கற்றுக்கொள்பவர்கள் இவரைத் தாண்டிப் போக முடியாது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அக்கார்டியன் திரும்பி வந்தபோது ஸ்டீல் கிட்டாரும் டிரம்ஸும் வெளியே போகவில்லை. இரண்டும் சேர்ந்து ஒலித்த அந்த 1950-களின் டான்ஸ் ஹால் சத்தத்தைத்தான் இன்று பலர் 'மரபு' என்கிறார்கள். ஹேங்க் வில்லியம்ஸின் கன்ட்ரி பாட்டுகளில் ஊறிப்போன டி. எல். மெனார்ட் 1962-இல் பாடிய 'லா போர்ட் தான் ஆரியேர்', குடித்துவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைபவனின் பாட்டு, இன்று கேஜன் தேசிய கீதம் போல எல்லா இடத்திலும் ஒலிக்கிறது. வெளியிலிருந்து வந்த பாணி என்று யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை, ஏனென்றால் அதற்கு ஆட முடிந்தது.

ஐரி யாரிடம் கற்றார் என்று பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. அவர் காதில் போட்டுப் போட்டுப் பழகியது அமேதே ஆர்துவானின் இசைத்தட்டுகளை. ஆர்துவான் கறுப்பின கிரியோல் அக்கார்டியன் கலைஞர். வெள்ளைக்கார பிடில் கலைஞர் டென்னிஸ் மெகீயோடு சேர்ந்து 1929 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் பதிவு செய்தார். நிறவெறி சட்டமாகவே இருந்த ஊரில் அது சாதாரண விஷயமில்லை. வெள்ளைக்காரர்களின் ஆட்டங்களுக்கு வாசிக்கப் போவார், ஆனால் அங்கே அவர் விருந்தாளி இல்லை. ஓர் இரவு வியர்வை துடைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்ததற்காக அவரை வழிமறித்து அடித்துப் போட்டார்கள் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லிவந்தார்கள். 1942-இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். அவருடைய பாட்டுகள் ஒரு பக்கம் கேஜன் இசைக்கும், இன்னொரு பக்கம் கிளிஃப்டன் ஷெனியே போன்றவர்கள் ப்ளூஸ் கலந்து வளர்த்த சைடெக்கோவுக்கும் அடித்தளம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. சைடெக்கோ கறுப்பின கிரியோல்களுடையது, மார்பில் தொங்கும் தகர ரப்போர்டைச் சுரண்டுவதில் தாளம் பிறக்கிறது. கேஜன் இசையில் பிடில் விட்டுப்போகாது. ஆனால் வேர் என்று தோண்டினால் இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டும். கேஜன் மரபைப் பெருமையாகப் பேசுகிற சிலர் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போவதைப் பார்க்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இன்னொரு அடி மொழிக்கு விழுந்தது. 1921-இல் மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பயிற்றுமொழி ஆக்கியது. வீட்டில் பிரெஞ்சு தவிர வேறு தெரியாத பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சு பேசினால் தண்டனை, இனிமேல் பேசமாட்டேன் என்று பக்கம் பக்கமாக எழுத வைத்தார்கள். அடி வாங்கிய பிள்ளைகள் பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினார்கள். மொழியோடு சேர்ந்து இசையும் வெட்கப்பட வேண்டிய ஒன்றாகிவிட்டது.

அந்த வெட்கம் உடைந்த இடம் என்று எல்லோரும் காட்டுவது 1964 நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவை. வடகிழக்கில், ரோட் ஐலண்டில் நடந்த அதில் வாசிக்க லூசியானாவிலிருந்து ஒரு கேஜன் குழு போனது. லூசியானாப் பத்திரிகையில் முன்கூட்டியே கேலி, நம் மானத்தை வாங்கப் போகிறார்கள் என்ற தோரணையில். கடைசி நேரத்தில் கிட்டார் வாசிக்கச் சேர்க்கப்பட்டவர் டூயி பல்ஃபா, அதுவரை இருநூறு பேருக்கு மேல் உள்ள கூட்டத்தைப் பார்க்காதவர். அங்கே ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பல்ஃபா ஊர் திரும்பி, அந்தக் கைதட்டலின் எதிரொலியைச் சொந்த ஊரிலும் கேட்க வைப்பேன் என்று ஆயுள் முழுக்க உழைத்தார், பள்ளிகளுக்குப் போய் வாசித்தார், கற்றுக்கொடுத்தார்.

1974 மார்ச் 26 அன்று லஃபயெட்டின் பிளாக்ஹாம் கொலீசியத்தில் கேஜன் இசைக்கு ஒரு பாராட்டுக் கச்சேரி வைத்தார்கள், பிற்பாடு ஆண்டுதோறும் நடக்கும் விழாவாக வளர்ந்தது அதுதான். பாரி ஆன்ஸ்லே போன்ற ஏற்பாட்டாளர்களின் எண்ணம், ஒருமுறையாவது ஜனங்கள் ஆடாமல், உட்கார்ந்து, இதையும் ஒரு கலையாகக் கேட்க வேண்டும் என்பது. அன்றைக்கு அது தேவையாக இருந்தது. கௌரவம் கிடைக்க சில நேரம் நாற்காலி போட்டாக வேண்டும். ஆனால் அடுத்து வந்த விழாக்களில் ஜனங்கள் திறந்தவெளியில் தூசி கிளப்பி ஆடத்தான் செய்தார்கள்.

அப்புறம் வந்த தலைமுறைக்கு வேலை இரண்டு மடங்கு. முதியவர்களிடம் போய் உட்கார்ந்து கற்க வேண்டும், அதே சமயம் ராக் கேட்டு வளர்ந்த தங்கள் காதையும் ஏமாற்றக் கூடாது. மைக்கேல் டூசே என்பவர் டென்னிஸ் மெகீ போன்ற முதியவர்களிடம் பிடில் பயின்று, 1975-இல் போசொலேய் குழுவைத் தொடங்கினார். ஜாஸும் கரீபியத் தாளங்களும் கலந்து, 1998-இல் கிராமி வரை போனார்கள். எனக்கு அவர்களுடைய சில பதிவுகள் கொஞ்சம் அதிகமாகவே பளபளக்கின்றன, ஆனால் டூசேயின் வில்லில் மெகீ காலத்துப் பழைய வீட்டு ஆட்டம் அப்படியே கேட்கும். ஸ்டீவ் ரைலி பல்ஃபாவின் கூடவே திரிந்து கற்றவர், 1988-இல் மமூ ப்ளேபாய்ஸ் தொடங்கியது. ஒரு கட்டத்தில் ராக், சைடெக்கோ பக்கம் போய்ப் பார்த்தார்கள், பழைய வால்ட்ஸ்களையும் விடவில்லை.

அதற்கும் இளையவர்கள் இன்னும் துணிச்சல்காரர்கள். லூயி, ஆந்த்ரே மிஷோ சகோதரர்கள் தங்கள் அப்பா, சித்தப்பாக்கள் சேர்ந்து நடத்திய மரபுக் குழுவின் மடியில் வளர்ந்து, 1999-இல் லாஸ்ட் பையூ ராம்ப்ளர்ஸைத் தொடங்கினார்கள். அவர்களுடைய 'கலெண்டா' என்ற இசைத்தொகுப்பு 2018-இல் கிராமி வாங்கியது. அதில் இரைச்சல், மின்னணு ஒலிகள், பங்க் வேகம் எல்லாம் உண்டு. முதல்முறை கேட்பவர் இதுவா மரபு என்று கேட்கலாம். ஆனால் அக்கார்டியனின் இழு-தள்ளு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது, பாட்டு முழுக்க லூசியானா பிரெஞ்சில். ஃபூஃபொலே குழு அதே 1999-இல் பிள்ளைகளாகவே தொடங்கியவர்கள், சிலர் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள், பாட்டன் பாட்டி தண்டனை வாங்கிய அதே மொழியில். பைன் லீஃப் பாய்ஸ் குழுவில் வில்சன் சவாயும் கிரியோல் பிடில் கலைஞர் செட்ரிக் வாட்சனும் சேர்ந்து வாசித்தது, ஆர்துவான்-மெகீ ஜோடியைத் தெரிந்தவர்களுக்குச் சும்மா ஒரு குழுவாகத் தெரியாது. க்லியோமாவுக்குப் பிறகு வெகுகாலம் மேடையில் பெண்கள் அபூர்வம், இன்று மக்னோலியா சிஸ்டர்ஸ், பொன்ஸ்வார் காத்தாங் என்று பெண்களே நடத்தும் குழுக்கள் உண்டு.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பழைய டான்ஸ் ஹால்கள் பல மூடிவிட்டன. விழா மேடைக்கு வாசிக்கும் குழு, ஆடுகிறவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டும் கூட்டத்துக்கு வாசிக்கப் பழகிவிடும். பாட்டு நீளும், வேகம் கூடும், ஆடிப் பார்த்தால் கால் தடுமாறும். ஹாலில் இது நடக்காது. வேகம் தப்பினால் தளம் காலியாகிவிடும், குழுவுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஆடுகிற இளைஞர்களில் பலருக்குப் பாட்டின் வரிகள் புரிவதில்லை என்பது இன்னொரு கவலை. ஜோர்டன் திபோதோ போன்றவர்கள் புதுப் பாட்டையும் பிரெஞ்சிலேயே எழுதுவதில் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

மிச்சமிருக்கும் இடங்களில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. மமூவில் ஃபிரெட்ஸ் லவுஞ்சில் சனிக்கிழமை காலையிலேயே, ஆமாம் காலையில், பீர் பாட்டிலோடு ஆட்டம் தொடங்கிவிடும், வானொலியில் நேரலையும் உண்டு. யூனிஸ் ஊரில் அக்கார்டியன் செய்யும் மார்க் சவாயின் கடையில் (1966-இல் தொடங்கியது) சனிக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு வந்து உட்காரலாம். ஒரே நிபந்தனை, ஒரு நேரத்தில் ஒரு முக்கோணத்துக்கு மேல் கூடாது. எத்தனை பிடில் வந்தாலும் பரவாயில்லை, இரண்டு இரும்பு சேர்ந்தால் தாளம் நாசம்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் நேராகப் புதுசிலிருந்து தொடங்க வேண்டாம். 1929-இல் அமேதே ப்ரோ வாசித்த அந்த மெட்டு, அடுத்து ஹேரி ஷோட்ஸின் 1946 பதிவு, அப்புறம் ஐரி லெஜூனின் 'லவ் பிரிட்ஜ் வால்ட்ஸ்', அதற்குப் பிறகு 'கலெண்டா'விலிருந்து ஒரு பாட்டு. இந்த வரிசையில் கேட்டால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஹெட்போனைவிட ஸ்பீக்கர் நல்லது, எழுந்து நிற்க இடம் இருந்தால் இன்னும் நல்லது.